சகலை கொண்டுவந்த படகு

என் சகலையைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தால் பேனா ஓடமாட்டேன் என்கிறது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். குடிப்பதில்லை. யாரையும் எடுத்தெறிந்து பேசுவதில்லை. போதாததற்கு, நின்றுபோன எந்த எஞ்சினும் அவன் கை பட்டால் ஓடும். இப்படி ஒருத்தன், பெண் எடுத்த வீட்டிலேயே இன்னொரு மருமகனாக வந்து வாய்த்தால் மனுஷன் என்ன செய்வான்? நான் பொறாமைப்பட்டேன். கல்யாணமான நாளிலிருந்து பொறாமைப்படுகிறேன். இதை என் மனைவியிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை, இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நான் தென்காசிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பிரிவில் பாடம் நடத்துகிறவன். டேங்கிலிருந்து எஞ்சின் வரைக்கும் பெட்ரோல் போகிற வழியைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைந்துவிடுவேன். சகலை பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். பதினெட்டு வயதில் செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டிக் கொல்லத்துக்குப் போய், காயலில் சுற்றுலாப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். இதில் வாத்தியார் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது.

எங்கள் மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளை எனக்குக் கொடுத்தார். நான் அசல், அதாவது சொந்தத்துக்கு வெளியே இருந்து வந்தவன். இளையவளைத் தன் அக்காள் மகனுக்கே கொடுத்தார். அவன் அந்த வீட்டு முற்றத்தில் டவுசரோடு ஓடித் திரிந்தவன். அதனால் நான் போனால் மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்க வாத்தியாரே" என்பார். அத்தை காப்பியை டவராவோடு கொண்டுவந்து வைப்பாள். அவன் போனால், "ஏலே, வந்துட்டியாலே" என்று முதுகில் ஒரு தட்டு, அவ்வளவுதான். அவன் நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பான். என் மனைவி அவனைவிட மூன்று வயது மூத்தவள், அவளும் அவனை ஏலே என்றுதான் கூப்பிடுவாள். இத்தனை வருஷத்தில் என்னை அந்த வீட்டில் ஒருவரும் ஒருதரம் லே போட்டுப் பேசியதில்லை. வாத்தியாரை யார் அப்படிக் கூப்பிடுவார்கள்?

மாமாவுக்குத் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. தோப்பை ஒட்டி ஒரு குளம். சீசனுக்கு வருகிறவர்கள் தங்கிக் குளித்துவிட்டுப் போவதற்காகத் தோப்புக்குள் நாலு ரூம் கட்டி, குளத்தின் ஓரத்தில் இரண்டு பெடல் படகும் போட்டிருந்தார். ரூமில் மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை, ஹீட்டர் சுடவில்லை என்றால் எனக்குத்தான் போன் வரும். "வாத்தியாரே, சங்கடப்படாம ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்பார். நான் சங்கடப்படாமல் போவேன். ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தத் தோப்புக்குள் நடக்கும்போது மட்டும் நானும் அந்த வீட்டுக்காரன் என்று ஒரு நினைப்பு வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு சித்திரையில், சகலை குடும்பத்தோடு கொல்லத்தை விட்டு வந்தான். அத்தைக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அம்மா பக்கத்தில்தான் இருப்பேன் என்று கொழுந்தியாள் பிடிவாதம் பிடித்திருக்கிறாள். மேலகரத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள், மகளைத் தென்காசியில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். வேலையை விட்டுவிட்டு வந்தவனுக்கு இங்கே ஒரு பிழைப்பு அமைந்தால்தான் தங்க முடியும். அது மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா பேச்செடுத்தார்.

"எனக்கு இனிமே தோப்புக்கும் ரூமுக்கும் அலைய முடியல வாத்தியாரே. படகுக்கு அனுமதி கெடைக்கட்டும், எல்லாத்தையும் அவன் பொறுப்புல விட்டுரலாம்னு நெனைக்கேன். பிள்ளையளும் இங்கனயே இருந்த மாதிரி இருக்கும். நீங்க என்ன சொல்லுதிய?"

"நல்ல யோசனைதான் மாமா" என்றேன். அவியலை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினேன். எனக்கு மாதச் சம்பளம் வருகிறது. தென்னையைப் பற்றி ஒன்றும் தெரியாது, ரூமுக்கு வருகிறவர்களிடம் சிரித்துப் பேசவும் வராது. அந்தத் தோப்பை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்யப்போவதில்லை. இருந்தாலும் அந்தச் சாவிக்கொத்து அவன் கைக்குப் போவதை நினைத்தால் வயிறு எரிந்தது. எனக்கு வேண்டாம், அவனுக்கும் கிடைக்கக் கூடாது. இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் நினைக்க முடியுமா என்று தெரியவில்லை. அன்றைக்கு நான் நினைத்தது இதுதான்.

படகு அனுமதி என்று மாமா சொன்னது வேறொன்றுமில்லை. பெடல் படகு விடுகிற இடத்தில், யாராவது தண்ணீரில் விழுந்தால் உடனே போய்த் தூக்க ஒரு மோட்டார் படகு எப்போதும் தயாராக நிற்க வேண்டும், அதை ஓட்டிக் காட்டினால்தான் அனுமதி என்று அரசாங்க ஆபீசிலிருந்து எழுதி அனுப்பியிருந்தார்கள். தென்காசியில் மோட்டார் படகுக்கு எங்கே போவது? சகலை கொல்லத்துக்கு ஒரு போன் போட்டான். நாலாம் நாள் ஒரு குட்டியானை வண்டியில், கயிறு போட்டுக் கட்டிய சின்ன ஃபைபர் படகும், சாக்கில் சுற்றிய எஞ்சினும் வந்து இறங்கின. படகின் பின்பலகையில் மாட்டுகிற எஞ்சின் அது, கீழே விசிறியோடு. தோப்பில் தங்கியிருந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். மாமா அந்த எஞ்சினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் பி.ஹெச்.டி. வாங்கி வந்திருந்தால்கூட அந்தப் பார்வை எனக்குக் கிடைத்திருக்காது.

எஞ்சினோடு வந்த பழைய பெட்ரோல் குழாய் வெடித்து வெடித்து இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

"இந்த லைனை நான் பாத்துக்கிடுதேன். இது என் பாடம்" என்றேன்.

"சாரமில்ல அண்ணாச்சி, செய்யுங்க" என்றான் சகலை. சாரமில்ல என்றால் மலையாளத்தில் பரவாயில்லை, பெரிய விஷயமில்லை என்று அர்த்தம். எதற்கெடுத்தாலும் இதைச் சொல்லுவான். நீங்கள் அவன் கால் விரலை மிதித்தாலும் சாரமில்ல, அவன் கையில் இருப்பதைப் பிடுங்கினாலும் சாரமில்ல. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில் போய் மூன்று வீடியோ பார்த்தேன். வெயிலடிக்கிற ஊர்களில் வெள்ளைக்காரர்கள் அரை டவுசரோடு நின்று செய்து காட்டினார்கள். வேலை ஒன்றும் பெரிதில்லை. படகின் தரையில் ஒரு பெட்ரோல் டேங்க். அதிலிருந்து எஞ்சினுக்கு ஒரு ரப்பர் குழாய். நடுவில் கைக்குள் அடங்குகிற ஒரு ரப்பர் உருண்டை. பைக்கில் டேங்க் மேலே இருக்கிறது, பெட்ரோல் தானாக இறங்குகிறது. இங்கே டேங்க் கீழே, எஞ்சின் மேலே. அதனால் முதலில் அந்த உருண்டையை அமுக்கி அமுக்கிப் பெட்ரோலை மேலே ஏற்ற வேண்டும். உருண்டை கல் மாதிரி ஆனால் பெட்ரோல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். உருண்டையில் ஒரு அம்புக்குறி இருக்கும், அது எஞ்சினைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் சொட்டு ஏறாது.

சனிக்கிழமை காலையில் புதுக் குழாய், கிளிப், உருண்டை எல்லாம் வாங்கிக்கொண்டு குளத்தங்கரைக்குப் போனேன். அம்புக்குறியைச் சரியாகத்தான் போட்டேன். ஆனால் குழாயின் முனை டேங்கின் பித்தளை மூக்கில் ஏறமாட்டேன் என்றது. புது ரப்பர், விறைப்பாக இருந்தது. முட்டிப் பார்த்தேன், திருகிப் பார்த்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். முகம் சிவந்ததுதான் மிச்சம். மாமா தென்னை நிழலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சகலை எழுந்து ரூம் பக்கம் போய், ஒரு டம்ளரில் வெந்நீர் கொண்டுவந்தான். குழாயின் முனையை அதில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்து ஒரு அழுத்து அழுத்தினான். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரிப் போய் உட்கார்ந்தது.

"எங்கனலே படிச்ச இதை?" என்று மாமா சிரித்தார்.

"படிக்கல மாமா, சூடுபட்டா ரப்பரு எளகும்லா" என்றான்.

அதை நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். ரப்பரின் குணங்கள் என்று தனியாக ஒரு பக்கமே இருக்கிறது. கை எரிய எரியத் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் ஞாபகத்துக்கு வரவில்லை. அப்புறமும் அவன் இரண்டு இடத்தில் வாயைத் திறந்தான். நான் வெட்டி வைத்திருந்த குழாய் நீளம் பற்றாது, எஞ்சினைத் திருப்பும்போது இழுக்கும், ஒரு முழம் கூடுதலாக விட வேண்டும் என்றான். கிளிப்பை ரொம்ப இறுக்கினால் ரப்பர் வெட்டுப்படும் என்றான். இரண்டும் சரி. சரியாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சாயங்காலம் நானே உருண்டையை அமுக்கினேன். கல் மாதிரி ஆயிற்று. அவன் கயிற்றை இழுத்தான், இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. குளத்தில் ஒரு சுற்றுப் போய் வந்தோம். மாமா கரையில் நின்று கைதட்டினார். குழாய் ஒரு சொட்டுக் கசியவில்லை. அந்த ஒரு சொட்டுக் கசியாத பெருமையை யாரும் என்னிடம் கேட்கவில்லை. எஞ்சின் ஓடுகிறது என்றுதான் பேச்சு. ஓட்டுகிறவன் அவன்.

ஆய்வுக்குத் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் கல்லூரிக்கு லீவு போட்டேன். ஞாயிறு மாலை டேங்கை நிரப்பிவிட்டு நிமிரும்போது மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து சாரல் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் ஆனி, ஆடி என்றால் இது வழக்கம். பூப்போல விழுந்துகொண்டே இருக்கும், ஆனால் எந்தச் சந்திலும் புகுந்துவிடும். சீசனில் பைக்கை வெளியே நிறுத்துகிறவர்கள் டேங்க் மூடிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டு ரப்பர் பேண்டு மாட்டிவிட்டுத்தான் போவார்கள். மாட்டாவிட்டால் பெட்ரோலில் தண்ணீர் இறங்கி, மறுநாள் காலையில் உதைத்து உதைத்துக் கால் வலிக்கும். எனக்கும் அது கைப்பழக்கம். படகு டேங்கின் மூடியைப் பார்த்தேன். மூடியின் நடுவில் ஒரு சின்னத் திருகு உண்டு, காற்று போவதற்கு. அதை நன்றாக முடுக்கினேன். மேலே ஒரு கவரைப் போட்டு இரண்டு சுற்று ரப்பர் பேண்டு மாட்டினேன். காலையில் திறந்துவிட வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அந்தத் திருகு எதற்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வருஷா வருஷம் நான் நடத்துகிற முதல் பாடமே அது. எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் விக்கி விக்கி வந்து நின்றுபோகும், எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் தாராளமாக வரும். டேங்கும் அப்படித்தான், காற்று உள்ளே வந்தால்தான் பெட்ரோல் வெளியே போகும். இதைச் சொல்லிப் பையன்களைச் சிரிக்க வைக்க ஒரு டின்னும் ஆணியும் என் மேசைக்குள் வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் நான் குளத்தங்கரைக்குப் போனபோது சகலை ஏற்கெனவே படகுக்குள் குனிந்து டேங்கின் பக்கம் கையைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். எனக்குச் சுருக்கென்றது. நான் போட்ட லைனில் குறை தேட வந்திருக்கிறான் என்று பட்டது.

"லைனெல்லாம் பாத்தாச்சு. நீங்க தொட வேண்டாம்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

அவன் கையை எடுத்துக்கொண்டான். "சரி அண்ணாச்சி" என்று எஞ்சின் பக்கம் போய்விட்டான்.

நான் கவரைப் பிரிக்கக் குனிந்தேன். அதற்குள் கரையிலிருந்து மாமாவின் சத்தம். "ஏலே, இங்கன வாலே, ஆபீசரம்மா வந்தாச்சு." நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்ட மாமா அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, ஜீப்பிலிருந்து இறங்கிய ஒரு அம்மாவிடம் போனார். "இவன் என் மருமவன்மா. இனிமே இங்கன எல்லாம் இவந்தான்." நான் படகுக்குள் குந்தியபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை தோளை விட்டு இறங்குகிறதா என்று பார்த்தேன். இறங்கவில்லை. எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, என்னையும் பார்க்கட்டும் என்று கரைக்குப் போனேன். கவர் மறந்துபோயிற்று. இதற்கு வேறு காரணம் தேடி இரண்டு வருஷம் யோசித்துவிட்டேன், கிடைக்கவில்லை.

"இவரு மூத்த மருமகன், பாலிடெக்னிக்ல வாத்தியாரு" என்று மாமா என்னையும் காட்டினார்.

"என்ன டிபார்ட்மெண்ட் சார்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஆட்டோமொபைல் மேடம். பெட்ரோல் லைன் முழுக்க நான்தான் போட்டேன்."

"அப்ப பயமில்லாம ஏறலாம்" என்று சிரித்துவிட்டு, மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு படகில் ஏறினார். நானும் ஏறினேன். சகலை எஞ்சினை இழுத்தான், முதல் இழுப்பிலேயே பிடித்தது. குழாயில் ஏற்கெனவே ஏறியிருந்த பெட்ரோலும், டேங்கில் மிச்சமிருந்த கொஞ்சம் காற்றும் எங்களைக் குளத்தின் பாதி வரைக்கும் கொண்டுபோய்விட்டன. அந்த அம்மாவுக்கு எஞ்சினின் வேலையை விளக்கிக்கொண்டு வந்தேன். அப்போது எஞ்சின் இருமியது, இன்னொருதரம் இருமியது, நின்றுவிட்டது.

சகலை ஒருதரம் இழுத்துப் பார்த்தான். பிறகு குனிந்து ரப்பர் உருண்டையைத் தொட்டான். கல் மாதிரி இருக்க வேண்டிய உருண்டை சப்பிப்போட்ட மாங்கொட்டை போல ஒட்டிக் கிடந்தது. அவன் கண் குழாய் வழியாகவே நகர்ந்து டேங்க் மூடிக்கு வந்தது. அங்கே கவரும் ரப்பர் பேண்டும். அப்புறம் என்னைப் பார்த்தான். அதில் கோபமோ கேலியோ இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். யாராவது வேட்டி அவிழ்ந்து நின்றால் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வோமே, அப்படித் திருப்பிக்கொண்டான். கவரைப் பிய்த்து, திருகைத் தளர்த்தினான். உஸ் என்று காற்று உள்ளே போனது.

"என்ன ஆச்சு? இதை யார் மூடி வச்சது?" என்றார் அந்த அம்மா.

நான் வாயைத் திறந்தேன். திறந்தேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

"நாந்தான் மேடம்" என்றான் அவன். "நேத்து சாரல் விழுந்துச்சு, தண்ணி எறங்கிரும்னு மூடுனேன். காலைல தொறக்க மறந்துட்டேன்."

"தண்ணில ஒருத்தர் தத்தளிக்கும்போது இப்படி நடுக்குளத்துல நின்னா என்ன செய்வீங்க?"

"தப்புதான் மேடம்."

உருண்டையை அமுக்கினான், இழுத்தான், எஞ்சின் பிடித்தது. கரைக்கு வர மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். அந்த மூன்று நிமிஷமும் நான் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரையில் அந்த அம்மா மாமாவிடம் கண்டிப்பாகவே சொன்னார். இன்னும் பத்து நாள் கழித்து வருவேன், பொறுப்பான ஆள் ஒருவர் வேண்டும், இப்படி மறக்கிற ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். அப்போதாவது நான் பேசியிருக்கலாம். மாமா அவன் பக்கம் திரும்பினார். ரூம்காரர்கள் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொல்லத்துல பத்துப் பதினஞ்சு வருஷம் படகு ஓட்டுனேம்னு சொன்னிய. இதானா ஓட்டுனது? நீங்க அங்கனயே இருந்திருக்கலாம்" என்றார்.

மாமா அவனை நீங்க என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குள் ஒரு மூலையில் அது இனித்தது.

பிற்பகல் அவன் தோப்புக்குள் தனியாக எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"சாரமில்ல அண்ணாச்சி. அப்பதான் அந்தம்மாட்ட லைன் நான் போட்டேம்னு சொன்னிய. உடனே வாத்தியாருதான் மூடுனாருன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? உங்கள்ட்ட படிக்கிற பயலுவ காதுக்குப் போனா சிரிப்பானுவ." துணியைப் பிழிந்து உதறினான். "மாமாட்ட நீங்களே மெதுவா சொல்லிக்கிடுங்க. கோவம் ஆறட்டும், அவசரமில்ல."

"சொல்லுதேன்" என்றேன்.

சொல்லத்தான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை கல்லூரியில் வேலை. புதன்கிழமை மாமாவுக்கு ரத்தக்கொதிப்பு, இந்த நேரத்தில் வேண்டாம் என்று என் மனைவியே சொன்னாள், அவள் சொன்னது வேறு எதையோ பற்றி, நான் இதற்கும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாகச் சொல்லிவிடுவது என்று போனேன். நான் உட்காருவதற்கு முன்னாலேயே மாமா சாவிக்கொத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"வாத்தியாரே, நான் தப்புக் கணக்குப் போட்டுட்டேன். சொந்தம் சொந்தம்னு இருந்தா இப்படித்தான். இனிமே நீங்களே வாரத்துக்கு ஒருநா வந்து எல்லாத்தையும் பாத்துக்கிடுங்க. உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

எத்தனை வருஷமாக நான் காத்திருந்த பேச்சு அது. அடுப்படி வாசலில் கொழுந்தியாள் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்காமல் இருக்கக் கவனமாக இருந்தேன். "சரி மாமா" என்று சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். அடுத்த ஆய்வுக்குப் பொறுப்பாளர் என்று என் பெயரை எழுதிக் கொடுத்தார் மாமா, ஆனால் சகலைதான் வந்து ஓட்டிக் காட்டினான், அனுமதியும் கிடைத்தது. அதற்குப் பிறகு தோப்புக்கு ஒரு சம்பள ஆளைப் போட்டுக்கொண்டோம்.

ஆவணி பிறக்குமுன் அவர்கள் கொல்லத்துக்கே கிளம்பிவிட்டார்கள். பழைய முதலாளி மறுபடி வேலைக்குக் கூப்பிட்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கிக் கொடுத்தது நான்தான், எனக்கு அங்கே ஆள் பழக்கம் உண்டு. மாமா ஸ்டேஷனுக்கு வரவில்லை. அத்தைக்கு நடக்க முடியாது. அதனால் தென்காசி ஸ்டேஷனில் வழியனுப்ப நானும் என் மனைவியும் மட்டும் நின்றோம். சகலை சாமான்களை ஒவ்வொன்றாக வண்டிக்குள் ஏற்றிக்கொண்டிருந்தான். என் மனைவி பிள்ளையைப் பழம் வாங்கக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள்.

கொழுந்தியாள் என் பக்கத்தில் வந்து நின்றாள். வண்டிக்குள் இருந்தவனை ஒருதரம் பார்த்துவிட்டுப் பேசினாள்.

"அத்தான், நீங்க சொன்னா அப்பா கேப்பாரு. அவரு வேணும்னு மூடி வைக்கல. இத்தன வருஷத்துல எந்தப் படகுலயும் அவருக்கு இப்படி ஆனதில்ல. அன்னைக்கு என்னமோ மறதி வந்துட்டு. உங்களையும் அந்த ஆபீசரம்மா முன்னால தலகுனிய வச்சிட்டாரு. மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதிய அத்தான்."

அவளிடம்கூட அவன் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் இருக்க ஆசைப்பட்டு வந்தவள், அது கெட்டுப்போனது தன் புருஷனால்தான் என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாளும் அவனோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள். என்னென்ன கேட்டாளோ, எப்படியெல்லாம் அழுதாளோ. அத்தனைக்கும் அவன் வாயைத் திறக்கவில்லை. நானாக இருந்தால் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லியிருப்பேன். இதற்கு முன் அவனுடைய கையைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டிருந்தேன், ஏலே என்கிற ஒரு சொல்லைக் கேட்டுத்தான் பொறாமைப்பட்டிருந்தேன். அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அவனைப் போல ஒருநாள்கூட என்னால் இருக்க முடியாது என்று அந்த இடத்தில் தெரிந்தது. அவனைப் பிடித்து ரயிலிலிருந்து கீழே தள்ளலாம் போல ஆத்திரம் வந்தது.

சொல்ல வேண்டிய இடம் அதுதான். கேட்க வேண்டியவள் எதிரே நிற்கிறாள். வண்டி கிளம்ப இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது, இரண்டு வார்த்தைக்கு அது தாராளம்.

"போனது போகட்டும்" என்றேன். "நான் ஒண்ணும் மனசுல வச்சிக்கிடல. அவர்ட்டயும் சொல்லிரு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினாள். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, பையை மேலே வைத்துக்கொண்டிருந்தவனை உட்காரச் சொல்லி, அத்தான் உங்களை மன்னித்துவிட்டார் என்று என் எதிரிலேயே அவனிடம் சொன்னாள். அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.